ஆள் இருக்கும் காலி வீடுகள்

ஒரு கூடத்தை இரண்டாக்க என்னென்ன வேண்டும் என்று இந்தக் குடும்பத்தைக் கேளுங்கள். ஒன்பது பலகை, இரண்டு டஜன் ஆணி, அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதி வீம்பு. வேறொன்றும் வேண்டாம்.

அந்தப் பலகை எழும்பி மூன்று மாதம் ஆகிறது. தெருப்பக்கத்துப் பாதியில் பெரியவன் இருக்கிறான், ஏ.சி. மெக்கானிக். அவன் மனைவி தெருவுக்கெல்லாம் டெய்லர் அக்கா. அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு மகள். பின்பாதியில் சின்னவன், பஸ் டிரைவர். அவன் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். மாமனாரும், அதாவது அண்ணன் தம்பியைப் பெற்றவரும், அந்தப் பக்கம்தான். பின்பாதிக்கு வாசல் இல்லையென்று சுவரை இடித்துச் சந்துப் பக்கமாக ஒரு கதவு வைத்தார்கள். சந்தில் அதுவரை பத்து வீடுகள். இது பதினோராவது.

சந்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு படியுங்கள். ஏழு மாதமாக அங்கே கழிவுநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டிப் போகிறார்கள். செங்கலும் இப்போது முழுகிவிட்டது. கவுன்சிலர் மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் கார் கண்ணாடியை இறக்கவில்லை.

சின்னவன் மனைவிதான் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொண்டுபோனாள். காலையில் மனிதர்கள் கழித்துவிட்டு வருகிற சமாச்சாரம் தண்ணீரில் இருக்கிறது என்று முடிவு வந்தது. அதைப் பிரதி எடுத்துப் பதினொரு கதவிலும் ஒட்டினாள். தண்ணீர் எல்லாருக்கும் ஒரே குழாயில்தான் வருகிறது என்பதால், ஒன்றைத் தெருப்பக்கத்து வாசலுக்குள்ளும் தள்ளிவிட்டுப் போனாள். பேச்சு மட்டும் கிடையாது.

சந்தில் மொத்தம் முப்பத்தெட்டு ஓட்டு. போன தடவை கவுன்சிலர் ஜெயித்தது இருபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில். இந்தத் தடவை சந்து முழுக்க ஒரே பேச்சாக இருந்தது, இவன் வேண்டாம் என்று.

இன்று தேர்தல்.

காலை எட்டு மணிக்கே டெய்லர் அக்கா புருஷனோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். விரல் மை வெள்ளைத் துணியில் படாமல் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். பள்ளி யூனிஃபார்ம் இருபது உருப்படி நாளைக்குள் முடிய வேண்டும். மெக்கானிக் அவளைத் தெருமுனையில் விட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனான். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே கவுன்சிலர் ஆட்கள் மேசை போட்டிருந்தார்கள். நகராட்சி மண்டபத்துக்குப் புதிதாக வருகிற பதினாறு ஏ.சி.யையும் மாட்டப்போவது இவன்தான் என்று போன மாதம் முடிவானதிலிருந்து அந்த மேசைக்கும் இவனுக்கும் ஒட்டுறவு அதிகம்.

பத்து மணிக்குச் சந்துப் பக்கம் மாமனாரின் குரல் கேட்டது. கேட்டது என்ன, இடித்தது.

“எங்கடா போனேன் நான்? கக்கூஸ் போகவே என்னைத் தூக்க ரெண்டு பேர் வேணும். நான் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டேனாம்! பார்த்தானாம்!”

டெய்லர் அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சின்னவள் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கி வந்த சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். சக்கரம் முழுக்கச் சந்தின் சகதி. அவர் மட்டும் துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். பின்னாலேயே சந்து ஜனம்.

“மாமா, கத்தாதீங்க, இரைப்பு வந்துடும்,” என்றாள் சின்னவள். பிறகு மற்றவர்களிடம், “நமக்கு மட்டும் இல்ல. பதினொரு வீடும் பட்டியல்ல இல்ல. எல்லாத்துக்கும் நேரா ‘வீடு காலி, ஆள் இல்லை’ன்னு அடிச்சு வெச்சிருக்காங்க,” என்றாள்.

“யார் சொன்னது அப்படி?” கோழிக்கடைக்காரர் கேட்டார்.

“சரிபார்க்க வந்த ஆளுகிட்ட பக்கத்து வீட்டுக்காரங்க யாரோ சொல்லி, கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காங்களாம்.”

“எவன் அவன்? பேரு?”

“காட்ட மாட்டேங்கறாங்க.”

“நான் அங்க போய் நின்னு, இதோ பாரு சார், மூச்சு விடறேன், பேசறேன்னேன். பேப்பர்ல இல்லையேங்கறான். அவன் கண்ணுக்கு முன்னால நிக்கற ஆளைவிட பேப்பர் பெருசாம்! தூ!”

கோழிக்கடைக்காரர் துப்பியது சந்துத் தண்ணீரில் விழுந்தது. அதற்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

டெய்லர் அக்கா மிஷினுக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்திருந்தாள். பதினெட்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. பிரிக்க உட்கார்ந்தாள். நூல் வந்தது, மனசு வரவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்குக் காலையில் பலகைச் சண்டை. இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த சின்னவள், மிஷின் சத்தம் தாங்காமல் பலகையில் நாலு தட்டுத் தட்டினாள். பெரியவள் பதிலுக்குக் கத்தரிக்கோலால் எட்டுத் தட்டினாள். “உழைக்கற சத்தம் சிலருக்குக் காதுல ஏறாது!” என்று இந்தப் பக்கமிருந்து ஒன்று போனது. “உழைச்சிட்டு வந்தவங்களைத் தூங்க விடணும்னு சிலருக்குத் தோணாது!” என்று அந்தப் பக்கமிருந்து வந்தது. பெரியவள் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிறவன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். சந்துக்குள் இறங்க அவனுக்கு மனமில்லை. புது ஷூ.

“இந்தப் பின்பக்கக் கதவு, யாரும் இருக்காங்களா?” என்று கேட்டான்.

“காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க,” என்றாள் பெரியவள்.

நாக்கு சொல்லிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் அது எத்தனை இனிப்பாக இருந்தது என்பதும் அவளுக்கு நினைவிருக்கிறது. அவன் நீளமான தாளில் முதல் வரியில் ஏதோ கிறுக்கி, “அயலார்னு ஒரு கையெழுத்துப் போடுங்க,” என்று நீட்டினான். அவள் தாளின் அடியில் போட்டாள். டெய்லர் சீட்டில் கையெழுத்து எப்போதும் அடியில்தானே? நடுவே எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தான். “வாங்க சார், நான் முனை வரைக்கும் வர்றேன்,” என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனான். சொந்த மனைவிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதவனுக்கு இத்தனை உபசாரம் எங்கிருந்து வந்தது என்று அவள் அன்றைக்கே நினைத்தாள். நினைத்துவிட்டு மறந்தும் போனாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று வாரத்துக்கு முன் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று நாலு டிகிரி. யார் சொன்னார்களோ, சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் குழந்தைக்கு ரத்தம் எடுத்தாள். குழந்தையின் நெற்றியைத் தடவினாள். போய்விட்டாள். மறுநாள் டைபாய்டு என்ற முடிவு கதவிடுக்கில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, போய்ச் சொல்லிவிடலாமா என்று பெரியவள் யோசித்தாள். திருத்துவதற்கு அப்போது நாள் இருந்தது. சொல்லவில்லை. தன்னைத் தானே காறித் துப்ப முடிந்தால் இன்று துப்பியிருப்பாள்.

ஒரு மணிக்கு மெக்கானிக் சாப்பிட வந்தான். நல்ல பசி போலிருக்கிறது. தட்டிலிருந்து கண் எடுக்கவில்லை.

“ஏங்க, சந்துல யாருக்கும் ஓட்டு இல்லையாம்.”

“கேள்விப்பட்டேன்.”

“பதினொரு வீடும் போச்சாம். நான் ஒரு வீட்டைத்தானே சொன்னேன்? அதுவும் கோவத்துல.”

“ஆபீஸ்காரங்க பண்ணின தப்பா இருக்கும். ஒண்ணை எழுதச் சொன்னா பத்து எழுதுவாங்க. உனக்கென்ன?”

“மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போய்ட்டுத் திரும்பி வந்தாருங்க. உங்க அப்பா.”

“அவரு ஒரு ஓட்டுப் போட்டுத்தான் நாடு நிமிரப் போவுதா? கொழம்பு ஊத்து.”

ஊற்றினாள். அவன் பிசைகிற சத்தம் அவளுக்குக் குமட்டியது. பதினோரு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான்.

“நான் போய் சொல்லிடறேன்.”

அவன் கை நின்றது. “சொன்னா? பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிக் குடுக்கப் போறியா? உள்ள தூக்கி வெச்சா பொண்ணை யாரு பார்ப்பா? பேசாம வேலையைப் பாரு. யாருக்குத் தெரியப் போவுது?”

எழுந்து கை கழுவினான். போகிற போக்கில், ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த சர்வீஸ் அட்டையில் இன்றைய தேதியை எழுதினான். கேஸ் நிரப்பிய தேதி, பழுது பார்த்த தேதி, எல்லாம் எழுதி வைப்பது அவன் பழக்கம். பதினேழு என்று எழுதி, ஏழின் இடுப்பில் ஒரு கோடு போட்டான். கல்யாணமான புதிதில், “ஏழுக்கு எதுக்குங்க பெல்ட்?” என்று அவள் சிரித்திருக்கிறாள். ஒரு தடவை ஒன்றை ஏழு என்று படித்து வேறு யாருடைய கம்ப்ரஸரையோ கழற்றிவிட்டானாம். அதிலிருந்து இந்த பெல்ட். இரண்டு பாதியின் ஃப்ரிட்ஜிலும் இதே அட்டை, இதே ஏழு. பலகை அடித்தபோது அதை மட்டும் யாரும் கழற்றவில்லை.

நாலு மணி வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, இஞ்ச் டேப் கழுத்தில் கிடப்பதுகூடத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

சந்து ஜனம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. மாமனார் நாற்காலியில் கழுத்துச் சாய்ந்து, ஆனால் விழித்துக்கொண்டு இருந்தார். வெள்ளைச் சட்டையின் அக்குள் நனைந்திருந்தது. உள்ளே ஓட்டுப் போட வருகிறவர்கள் இவர்களைத் தாண்டிப் போனார்கள். சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். சகதி வாசம் கால்களில் கூடவே வந்திருந்தது.

வாசலில் தேர்தல் அதிகாரி, கட்டம் போட்ட சட்டை, சின்னவளிடம் நூறாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் வருத்தம்தாம்மா. நான் என்ன பண்றது?”

“சார், உங்க வருத்தத்தை நான் எந்த டியூப்ல பிடிச்சு டெஸ்ட் பண்றது? இவரு உயிரோட இருக்காரு. இந்த ஊர்ல இருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அந்த அயலார் நேர்ல வரணும். ‘நான் சொன்னது தப்பு’ன்னு எழுதிக் குடுக்கணும். அப்போ நான் மேலதிகாரிகிட்ட போன்ல பேசி, தனி உறையில ஓட்டுப் போட விடலாம். அதுவும் அஞ்சு மணிக்குள்ள. விதி அப்படி.” அப்படி ஒருவரும் வரப்போவதில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. விதியைச் சொல்கிறவர்களுக்கு இந்த நிம்மதி ஒரு சம்பளம்.

“நான்தான் சார்.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்தக் கையெழுத்து நான் போட்டது,” என்றாள் டெய்லர் அக்கா. “நான் சொன்னது பொய். அவங்க எங்கயும் போகல. எழுதித் தர்றேன்.”

கோழிக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “அக்கா... நீங்களா? என் மூணு பிள்ளைக்கும் நீங்கதானே யூனிஃபார்ம் தைக்கறீங்க?” கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் ஆச்சரியமாகக் கேட்டார்.

அதிகாரிக்கு வேறு வழியில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, கோப்பைப் பிரித்து, அந்த நீளத் தாளை மேசையில் வைத்தார். அடியில் அவள் கையெழுத்து. இனிஷியல், பெயர், கீழே கத்தரிக்கோல் மாதிரி ஒரு குறுக்குக் கோடு. இந்தத் தெருவில் துணி தைக்கக் கொடுத்த அத்தனை பேர் வீட்டிலும் அந்தக் கையெழுத்து ஒரு சீட்டிலாவது இருக்கும்.

சின்னவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அளவெடுத்துத்தான் வெட்டியிருக்கீங்க.”

அதிகாரி கொடுத்த வெள்ளைத் தாளில் பெரியவள் எழுதினாள். பின்பக்கத்து வீடு காலி என்று சொன்னது பொய், குடும்பச் சண்டையில் சொன்னது.

அதிகாரி படித்தார். “ஒரு வீடுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஒரு வீடுதான் சார் சொன்னேன்.”

“இதுல பதினொண்ணு இருக்கே?” தாளை அவள் பக்கம் திருப்பினார்.

முதல் வரி நீல மையில், காக்கா கிறுக்கல். அது அந்தப் புது ஷூக்காரன் எழுதியது. அவள் கண் முன்னால் எழுதியது. அதற்குக் கீழே, அன்று வெள்ளையாகக் கிடந்த இடத்தில், கறுப்பு மையில் பத்து வரி. நிதானமாக, சீராக, அவசரமே இல்லாமல் எழுதிய பத்து வரி. கதவு எண் 27இன் ஒன்று, காலி. 27இன் இரண்டு, காலி. 27இன் மூன்று, காலி.

இருபத்தேழு. இருபத்தேழு. இருபத்தேழு. பத்து வரியிலும் ஏழு. ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு கோடு.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த கை. முனை வரைக்கும் வர்றேன் என்ற உபசாரம். யாருக்குத் தெரியப் போவுது என்ற மதியப் பேச்சு. அப்பனுடைய ஓட்டையும் சேர்த்து விற்ற கையால் பிசைந்து சாப்பிட்டானே, அதற்கு இவள் கொழம்பு வேறு ஊற்றினாளே!

“இந்தப் பத்து வரியும் எங்க ஆள் எழுதினது இல்ல,” என்றார் அதிகாரி. குரல் மாறியிருந்தது. இப்போதுதான் அவரும் தாளைச் சரியாகப் பார்க்கிறார் போலிருக்கிறது. “வேற யாரோ உள்ள நுழைச்சிருக்காங்க. அது யாருன்னு தெரியாம இந்தப் பத்து வீட்டுக்கும் நான் மேல பேச முடியாது. உங்க கையெழுத்துக்கு மேலதானே எழுதியிருக்கு? யாருன்னு தெரியுமா?”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு முப்பத்தெட்டு.

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவளின் கண் தாளின் மேல் நின்றுவிட்டது. அவள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அந்த அட்டை இருக்கிறது. தினம் பார்க்கிற ஏழு. அவள் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது என்னவென்று பெரியவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஆள் தெரிந்துவிட்டது.

“அக்கா,” என்றாள் சின்னவள், வாய்க்குள்ளேயே. சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சாரி மேசையில், மெக்கானிக் கையில் குளிர்பான பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். மனைவி உள்ளே நிற்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வா என்று கை காட்டினான்.

வராந்தாவிலிருந்து சக்கர நாற்காலி நகர்கிற சத்தம் வந்தது. மாமனார் தானே கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டார். உள்ளங்கையெல்லாம் சகதி. மூச்சு இரைத்தது.

“எவன்மா அந்தப் பத்து வரி எழுதினவன்?” என்றார். “பேரை மட்டும் சொல்லு. பயப்படாதே. உனக்கு நான் இருக்கேன். அவன் எந்தக் கொம்பனா இருந்தாலும் சரி, அவனைப் பெத்தவனை நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.”

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பெரியவள் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, மெதுவாகச் சுருட்டி, மேசை ஓரத்தில் வைத்தாள். மகளின் முகம் ஒரு தடவை வந்து போனது.

“தெரியும் சார்,” என்றாள். “பேனா குடுங்க.”

வெளியே, அவள் கையில் பேனா ஏறியதைப் பார்த்த மெக்கானிக் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.